கெஸ்ட்ரலுக்குள்ளேயே ஒரு சின்ன மெயில் சர்வர்: படிப்படியாக

புதிதாகப் பதிவு செய்தவருக்கு மெயில் அனுப்பும் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். சோதித்துப் பார்க்க வேண்டும். நிஜ முகவரிகளுக்கு அனுப்பிப் பார்ப்பது ஆபத்து. என்றாவது ஒருநாள் சோதனை மெயில் யாரோ ஒரு வாடிக்கையாளருக்குப் போய்விடும். மெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, வெளியே எங்கும் அனுப்பாத ஒரு சர்வர் நம் கணினியிலேயே இருந்தால் போதும்.

மைக்ரோசாஃப்ட்டின் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஏஎஸ்பி டாட்நெட் கோரில் வேலை செய்பவர்கள் இதற்காகத் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. அதோடு வரும் வெப் சர்வரான கெஸ்ட்ரல், வெப் பக்கங்களுக்கான எச்டிடிபி மட்டும்தான் பேசும் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே அது இரண்டு அடுக்கு. டிசிபி இணைப்பை ஏற்பது கீழ் அடுக்கு, அதன்மேல் எச்டிடிபி பேசுவது மேல் அடுக்கு. மேல் அடுக்கை எடுத்துவிட்டு நம்முடையதை வைக்கலாம். அப்படி வைக்கும் வகுப்புக்குத்தான் கனெக்‌ஷன்ஹேண்ட்லர் என்று பெயர். ஏஎஸ்பி டாட்நெட் கோர் 2.1 பதிப்பிலிருந்தே இது இருக்கிறது.

படி 1: போர்ட்டைத் திறப்பது

வெறுமையான வெப் ப்ராஜெக்ட் ஒன்றைத் தொடங்குங்கள். ப்ரோகிராம் கோப்பில் கான்ஃபிகர்கெஸ்ட்ரலை அழைத்து, அதற்குள் லிசன்லோக்கல்ஹோஸ்ட்டை இருமுறை எழுதுங்கள். ஒன்று 5000, வழக்கமான வெப் பக்கத்துக்கு. இன்னொன்று 2525, இதற்கு மட்டும் யூஸ்கனெக்‌ஷன்ஹேண்ட்லர் என்று சேர்த்து நம் வகுப்பின் பெயரைக் கொடுங்கள்.

5000-ஐயும் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோடில் ஒரு போர்ட்டை நீங்களே குறித்துவிட்டால், லாஞ்ச்செட்டிங்ஸ் கோப்பில் உள்ள முகவரிகளைக் கெஸ்ட்ரல் ஒதுக்கிவிடும். மெயில் போர்ட் திறக்கும், வெப் பக்கம் காணாமல் போகும். மெயிலுக்கு உரிய போர்ட் 25தான், ஆனால் லினக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டைத் திறக்கத் தனி அனுமதி தேவை. அதனால் 2525.

படி 2: முதலில் பேசுவது நாம்

கனெக்‌ஷன்ஹேண்ட்லரிலிருந்து ஒரு வகுப்பை உருவாக்கினால், எழுத வேண்டியது ஒரே ஒரு மெத்தட்: ஆன்கனெக்டட்அசிங்க். யாராவது இணையும்போது அது ஓடும். அது முடிந்ததும் இணைப்பு மூடப்படும். கையில் கிடைக்கும் கனெக்‌ஷன் பொருளில் ட்ரான்ஸ்போர்ட் என்ற உறுப்பு இருக்கும். அதன் இன்புட்டில் படிக்கிறோம், அவுட்புட்டில் எழுதுகிறோம்.

எச்டிடிபியில் பிரவுசர் கேட்கும், சர்வர் பதில் சொல்லும். மெயில் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபியில் அப்படி இல்லை. இணைப்பு கிடைத்தவுடன் சர்வர்தான் 220 என்று வணக்கம் சொல்ல வேண்டும். நீங்கள் முதலில் படிக்கக் காத்திருந்தால் எதிர்ப்பக்கமும் உங்களுக்காகக் காத்திருக்கும், எதுவும் நகராது. ஆகவே முதல் வரியே ரைட்அசிங்க்தான்.

படி 3: வரி வரியாகப் படிப்பது

தொடக்கக்காரர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இங்கேதான், நிதானமாகப் பாருங்கள். டிசிபி வரிகளைத் தராது, பைட்டுகளைத்தான் தரும். ஒரு ரீட்அசிங்கில் அரை வரி வரலாம், மூன்று வரிகளும் வரலாம். வந்த பைட்டுகள் தங்கியிருக்கும் பஃபரில் வரிமுடிவு இருக்கிறதா என்று தேடி, கிடைக்கும் ஒவ்வொரு முழு வரியையும் எடுத்துச் செயல்படுத்துங்கள். பஃபரில் முழு வரி ஏதும் மிச்சமில்லை என்ற பிறகே அட்வான்ஸ்டூ என்ற மெத்தடை அழைக்க வேண்டும்.

அதற்கு இரண்டு இடங்களைத் தர வேண்டும்: எதுவரை பயன்படுத்திவிட்டோம், எதுவரை பார்த்துவிட்டோம். முதலாவதாக மிச்சப் பஃபரின் தொடக்கம், இரண்டாவதாக அதன் முடிவு. இரண்டாவதைத் தராமல் விட்டால், அரை வரி மிச்சமிருக்கும்போது ரீட்அசிங்க் காத்திருக்காமல் உடனே திரும்பிவரும். லூப் நிற்காமல் சுற்றும், சிபியு எகிறும். முழு வரியை உள்ளே விட்டுவிட்டு "எல்லாம் பார்த்தாகிவிட்டது" என்று சொன்னாலோ, புதிய பைட் வரும்வரை அந்த வரி அப்படியே கிடக்கும். ஒரு கட்டளை வரிக்கு 512 பைட் என்பது எஸ்எம்டிபியின் அளவு. அதைத் தாண்டினால் 500 அனுப்பி இணைப்பை மூடுங்கள்.

படி 4: உரையாடல்

எதிர்ப்பக்கத்தின் வணக்கமான எஹ்லோ அல்லது ஹெலோ வந்தால் 250, அதாவது "சரி". மெயில் ஃப்ரம் (அனுப்புநர்) வந்தால் 250, ஆர்சிபிடி டு (பெறுநர்) வந்தால் 250. டேட்டா வந்தால் 354, அதாவது "உள்ளடக்கத்தை அனுப்பு". குவிட் வந்தால் 221 சொல்லி விடைபெறுங்கள். தெரியாத கட்டளைக்கு 500, வரிசை மாறி வந்ததற்கு 503. எண்ணுக்குப் பிறகு ஓர் இடைவெளி கட்டாயம்; அங்கே சிறுகோடு போட்டால் இன்னும் வரிகள் வரும் என்று பொருளாகி, எதிர்ப்பக்கம் காத்திருக்கும்.

டேட்டாவுக்குப் பிறகு வருவதெல்லாம் மெயிலின் உள்ளடக்கம். ஒற்றைப் புள்ளி மட்டும் உள்ள வரி வந்தால் மெயில் முடிந்தது. அதற்கும் 250 சொல்லுங்கள். உள்ளடக்கத்தில் ஒரு வரி புள்ளியில் தொடங்கினால் அனுப்புகிறவர் இன்னொரு புள்ளியைச் சேர்த்து அனுப்புவார், அதை நீக்க மறக்காதீர்கள்.

படி 5: நிலையை எங்கே வைப்பது

இந்தக் குறிப்பை நான் எழுத உட்கார்ந்ததே இந்தப் படிக்காகத்தான். அனுப்புநர், பெறுநர் இரண்டையும் வகுப்பின் ஃபீல்டுகளாக வைத்திருந்தேன். தனியாகச் சோதித்தபோதெல்லாம் சரியாக ஓடியது. இரண்டு மெயில்கள் ஒரே நேரத்தில் வந்த நாளில் ஒருவருக்கான கடிதம் மற்றவர் முகவரியோடு சேமிக்கப்பட்டிருந்தது. காரணம், கெஸ்ட்ரல் ஹேண்ட்லரை இணைப்புக்கு ஒன்றாக உருவாக்குவதில்லை. ஒரே பொருள்தான் அந்தப் போர்ட்டின் எல்லா இணைப்புகளையும் கவனிக்கிறது. அதனால் ஓர் உரையாடலுக்குச் சொந்தமான எல்லாம் மெத்தடுக்குள் லோக்கல் மாறிகளாகவே இருக்கட்டும்.

முடிந்த மெயில்களை மட்டும் பொதுவில் வைக்க வேண்டும். பல இணைப்புகள் ஒரே நேரத்தில் கையாளக்கூடிய வரிசையான கன்கரன்ட்கியூ ஒன்றை சிங்கிள்டனாக (எல்லோருக்கும் ஒரே பொருளாக)ப் பதிவு செய்து, ஹேண்ட்லரின் கன்ஸ்ட்ரக்டரில் வாங்கிக்கொள்ளுங்கள். அதே கியூவை 5000-இல் உள்ள பக்கமும் வாங்கிப் பட்டியலிடும். ஒரே ப்ராசஸ் என்பதால் நடுவில் டேட்டாபேஸ்கூட வேண்டாம். இந்த வசதிக்காகத்தான் இவ்வளவு மெனக்கெடுகிறோம்.

டிஎல்எஸ் வேண்டுமென்றால் யூஸ்எச்டிடிபிஎஸ் வரியை யூஸ்கனெக்‌ஷன்ஹேண்ட்லருக்கு முன்னால் எழுதுங்கள். பெயரில் எச்டிடிபி இருந்தாலும் அது மறையாக்கத்தை மட்டும்தான் கவனிக்கிறது.

படி 6: சோதனை

டெர்மினலைத் திறந்து டெல்நெட்டில் லோக்கல்ஹோஸ்ட் 2525-க்கு இணையுங்கள். 220 தெரிந்தால் சரி, மேலே சொன்ன வரிசையில் கையாலேயே தட்டிப் பாருங்கள். அப்புறம் இரண்டாவது டெர்மினலையும் திறந்து, இங்கே ஒரு வரி அங்கே ஒரு வரி என்று மாற்றி மாற்றி இரண்டு மெயில்களை அனுப்புங்கள். 5000-இல் உள்ள பக்கத்தைப் புதுப்பித்தால் இரண்டும் தத்தம் முகவரியோடு நிற்க வேண்டும். மாறியிருந்தால் ஐந்தாம் படிக்குத் திரும்பிப் போய், எந்த ஃபீல்டு இன்னும் வகுப்பில் இருக்கிறது என்று தேடுங்கள்.