பயம் போன கயோட்டிகள்: விவரம் தெரிந்தவர்களே செய்யும் தவறுகள்

கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே இருக்கும் ஈஸ்ட் பே பக்கம் மலைச்சரிவை ஒட்டி வீடு வாங்கி வருகிற நம் ஆட்கள், வந்த சில மாதங்களிலேயே ஒரு கயோட்டியை (coyote, ஓநாய் இனத்துக் காட்டு விலங்கு) பார்த்துவிடுகிறார்கள். எங்கள் பகுதியில் கயோட்டியை எப்படி விரட்டுவது என்று அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அதே தவறுகளை, கிட்டத்தட்ட அதே வரிசையில் செய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கையால் ஊட்டாதீர்கள், குட்டியைத் தூக்கிக் கொஞ்சாதீர்கள், பூனையை ராத்திரி வெளியே விடாதீர்கள் என்பதெல்லாம் பூங்கா வாசல் பலகையிலேயே எழுதியிருக்கிறது, அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. இந்தப் பக்கத்துக் கயோட்டிக்கு பத்துப் பதினைந்து கிலோ எடைதான் இருக்கும். நிமிர்ந்து நிற்கிற ஆளைப் பார்த்தால் விலகிப்போவதுதான் அதன் சுபாவம். அந்தச் சுபாவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுப்பது நாம். யாரையாவது கடித்தபிறகு சுட்டுக்கொல்லப்படுவது அது. இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பகலில் பார்த்ததும் பதறுவது

பட்டப்பகலில் ஒன்று தெருவைக் கடந்து போனால் உடனே "வெறி பிடித்திருக்கிறது" என்று போன் போடுகிறார்கள். கயோட்டி ராத்திரியில் மட்டும்தான் நடமாடும் என்று யார் சொன்னது? நகரத்தில் அது ராத்திரியை நாடுவதே நம்மைத் தவிர்க்கத்தான். சிகாகோவைச் சுற்றியுள்ள கயோட்டிகளுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டி 2000-லிருந்து ஸ்டான்லி கேர்ட் என்ற விலங்கு ஆய்வாளரின் குழுவினர் பின்தொடர்ந்து வருகிறார்கள். அவ்வளவு பெரிய ஜனக்கூட்டத்துக்கு நடுவில் அவற்றில் பெரும்பாலானவை யார் வழிக்கும் வராமல் வாழ்ந்துவிட்டுப் போகின்றன. வசந்தத்தில் குட்டி போட்டபிறகு, அத்தனை வாய்க்கும் இரை தேடி ஆகவேண்டுமே, அப்போது பகலிலும் வெளியே வரும்.

எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பதைவிட, உங்களைப் பார்த்ததும் அது என்ன செய்தது என்பதுதான் முக்கியம். கலிபோர்னியாவில் நடந்த தாக்குதல்களைத் தொகுத்துப் பார்த்து ராபர்ட் டிம், ரெக்ஸ் பேக்கர் முதலிய ஆய்வாளர்கள் 2004-ல் ஒரு வரிசையை எழுதிவைத்தார்கள். முதலில் ராத்திரியில் தெருவிலும் தோட்டத்திலும் அடிக்கடி தென்படும். அப்புறம் ராத்திரியில் பூனையையும் நாயையும் தூக்கும். பிறகு விடிகாலையிலும் சாயங்காலத்திலும் தெருவில் நிற்கும். அடுத்து பகலிலேயே செல்லப்பிராணிகளைத் துரத்தும். அதற்கும் மேலே போனால், ஆள் கையில் கயிற்றோடு இருக்கும் நாயின் மேலேயே பாயும், ஓட்டப்பயிற்சி செய்கிறவர்களையும் சைக்கிளில் போகிறவர்களையும் துரத்தும். பிறகு நடுப்பகலில் குழந்தைகள் விளையாடும் இடத்தைச் சுற்றி வரும். கடைசியாகப் பெரியவர்களையே எதிர்க்கும். முதல் இரண்டு மூன்று படிகளுக்குள் விரட்டத் தொடங்கினால் பலன் உண்டு. கடைசிப் படிகளுக்கு வந்துவிட்ட கயோட்டியிடம் கைதட்டிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை, அது அதிகாரிகளின் வேலை.

விரட்டத் தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்துவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரவைப்பது இதுதான். ஒன்றுமே தெரியாதவர்கள் இதைச் செய்வதில்லை. "விரட்டவேண்டும்" என்று கேள்விப்பட்டவர்கள்தான், நல்ல எண்ணத்தோடு, இதைச் செய்கிறார்கள்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் முன்புறப் புல்தரையில் ஒரு கயோட்டி நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்காரர் மாடி ஜன்னலைத் திறந்து எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினார். அது காதை மட்டும் திருப்பியது. ஜன்னல் கம்பிவலைக்குப் பின்னால் நிற்கிற உருவம் ஒரு மனிதன் என்றே அதற்குப் படவில்லை. தட்டுச் சத்தத்துக்கும் மனிதனுக்கும் சம்பந்தம் இருப்பதாகவும் தெரியவில்லை. அவர் இன்னும் பலமாகத் தட்டினார். அது நாலடி நகர்ந்து, உட்கார்ந்து, பின்னங்காலால் கழுத்தைச் சொறிந்துகொண்டது. அவர் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையில் அதே இடத்தில் அது படுத்திருந்தது.

அந்தத் தட்டுச் சத்தத்தால் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். சத்தம் வரும், ஒன்றும் ஆகாது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும் என்ற பாடத்தை அந்தக் கயோட்டி கற்றுக்கொண்டது. சும்மா இருந்திருந்தால்கூட இவ்வளவு கெடுதல் இல்லை. அடுத்த முறை அந்தத் தெருவில் ஒரு சின்னப் பெண் பயந்துபோய்க் கத்தினால், அந்தக் கத்தலுக்கு இருந்திருக்கவேண்டிய மதிப்பை இவர் முன்கூட்டியே செலவழித்துவிட்டார். காருக்குள் உட்கார்ந்து ஹாரன் அடிப்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள். இரண்டு தரம் கைதட்டிவிட்டு, அது பத்தடி நகர்ந்ததும் போனை எடுத்து வீடியோ பிடிப்பவர்களும் அப்படித்தான்.

இது அந்த ஒரு கயோட்டியோடு முடிவதும் இல்லை. யூட்டா மாநிலத்தின் மில்வில்லில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆராய்ச்சி மையம் ஒன்று இருக்கிறது, அங்கே அடைத்து வளர்க்கும் கயோட்டிக் குடும்பங்களை வைத்து கிறிஸ்டோபர் ஷெல்லும் சகாக்களும் செய்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. ஆள் இருக்கும்போதே தீனி கிடைக்கிற சூழலில் தாயும் தகப்பனும் பழகிப்பழகி அச்சம் குறைந்துபோகின்றன. முதல் ஈற்றுக் குட்டிகளைவிட இரண்டாம் ஈற்றுக் குட்டிகள் துணிச்சலாக வருகின்றன. ஒரே பெற்றோர், ஒரே இடம், நடுவில் போனது ஒரு ஈற்றுக் காலம் மட்டுமே. ஜன்னலைச் சாத்திவிட்டுப் போன அந்த மனிதர் அடுத்த வருடத்துக் குட்டிகளையும் சேர்த்துத்தான் பழக்கிவிட்டுப் போனார்.

முழுதாக விரட்டுவது எப்படி என்று நான் பார்த்ததிலேயே நன்றாகச் செய்தவர், நண்பர் ஒருவரின் அம்மா. பிள்ளையைப் பார்க்க மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். காலை நடையில், வெயிலுக்குப் பிடித்த குடையோடு, எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். பாதையோரத்துப் புதரிலிருந்து ஒன்று வெளியே வந்து நின்றது. அவர் நின்றார், குடையை அதன் பக்கம் நீட்டி படக்கென்று மூடினார், விரித்தார், மறுபடி மூடினார். "போ அங்கிட்டு!" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம். அது ஓடி, சரிவில் பாதி தூரம் போய் நின்று திரும்பிப் பார்த்தது. எல்லோரும் தவறவிடுகிற இடம் இதுதான். அவர் விடவில்லை. இன்னும் நாலு எட்டு முன்னால் போய், குனிந்து மண்ணாங்கட்டியை எடுத்து அதன் பக்கத்தில் எறிந்து, மறுபடி சத்தம் போட்டார். அது சரிவைத் தாண்டிக் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு திரும்பினார். "வயக்காட்டுல நரி வந்தா இப்படித்தான் தம்பி" என்றார்.

அவர் செய்ததில் எல்லாமே இருக்கிறது. வெளியே, அதன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிற்கவேண்டும். அதன் முகத்தைப் பார்த்து, கையை உயர்த்தி, உரக்கக் கத்தவேண்டும். நகராவிட்டால் ஓரடி முன்னால் போகவேண்டும். கல்லோ பந்தோ எறிந்தால் அதன்மேல் படாமல் பக்கத்தில் விழும்படி எறியவேண்டும். அது ஓட ஒரு வழி விட்டிருக்கவேண்டும், வேலி மூலையில் மடக்கிவிட்டு விரட்டக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது நின்று திரும்பிப் பார்க்கும்போது நிறுத்தக்கூடாது.

இன்னொன்று, தினமும் ஒரே விசிலையே ஊதிக்கொண்டிருந்தால் அதற்கும் பழகிவிடும். இன்றைக்குக் குடை, நாளைக்குத் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய், இன்னொரு நாள் காசு போட்டுக் குலுக்கும் டப்பா, இப்படி மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். தெருவில் ஒருவர் மட்டும் விரட்டினாலும் போதாது. அந்த ஒருவரைப் பார்த்தால் மட்டும் ஓடவேண்டும் என்று கற்றுக்கொள்ளும் அளவுக்கு அது கெட்டிக்காரப் பிராணி.

இரை போடுவதாகத் தெரியாமலே போடுவது

விரட்டுவதெல்லாம் சோறு கிடைக்காத இடத்தில்தான் பலிக்கும். "நாங்கள் எதுவும் போடுவதில்லையே" என்று சத்தியம் செய்கிற வீடுகளில் போய்ப் பார்த்தால், பின்பக்கச் சுவரோரம் காக்கைக்கு வைத்த சோறு இருக்கும். அமாவாசைப் படையலையும் திதிச் சோற்றையும் நான் குறை சொல்லவே மாட்டேன், எங்கள் வீட்டிலும் உண்டு. வைத்துவிட்டு, காக்கை தின்னும்வரை அங்கேயே நின்று, மிச்சத்தை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போங்கள். பருப்பும் நெய்யும் பிசைந்த சோறு ராத்திரி வரை கிடந்தால் அதைத் தின்ன வருவது காக்கை இல்லை.

அப்புறம் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் அத்திப்பழம், லோக்வாட், பெர்சிமன். கயோட்டி பழத்தை விரும்பித் தின்னும் என்பது பலருக்குத் தெரியாது. பறவைகளுக்குத் தொங்கவிடும் தானியக் கூண்டும் அப்படித்தான்: சிதறும் தானியத்துக்கு எலி வரும், எலிக்குக் கயோட்டி வரும்.

இதெல்லாம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு கனடாவின் வான்கூவர் நகரத்து ஸ்டான்லி பார்க் என்ற பூங்கா உதாரணமாக இருக்கிறது. 2020 டிசம்பர் தொடங்கி 2021 செப்டம்பருக்குள் 45 பேர் அங்கே காயப்பட்டார்கள், அதில் சிறு குழந்தைகளும் உண்டு. தின்பண்டம் போட்டுப் பழக்கியதுதான் முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது. கடைசியில் பூங்காவை மூடி, 35 கயோட்டிகள் வரை பிடித்துக் கொல்ல மாகாண அரசு முடிவெடுத்தது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். எல்லாத் தாக்குதலுக்கும் சோறுதான் காரணம் என்றில்லை. 2009 அக்டோபரில் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், கேப் பிரெட்டன் ஹைலண்ட்ஸ் தேசியப் பூங்காவில் டெய்லர் மிட்செல் என்ற 19 வயதுப் பாடகி கயோட்டிகளால் கொல்லப்பட்டார். அங்கத்திக் கயோட்டிகளை, சிகாகோ ஆய்வு செய்த அதே கேர்ட்டின் குழு பல வருடம் ஆராய்ந்தபோது, அவை மனிதத் தீனியை அதிகம் நம்பியிருக்கவில்லை என்று தெரிந்தது. சின்ன இரை குறைவான அந்த இடத்தில் அவை மூஸ் என்கிற பெரிய மான்களையே தின்று வாழ்ந்தன. அவ்வளவு பெரிய பிராணியோடு மோதப் பழகியவை. ஊர்ப்பக்கத்தில் அந்த நிலைமை இல்லை.

ஓடுவது

ஓடாதீர்கள். குழந்தையையும் சின்ன நாயையும் முதலில் தூக்கிக்கொள்ளுங்கள், முதுகைக் காட்டாமல் பின்வாங்குங்கள்.

நீளும் கயிறு

இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போகும் கயிறு வேண்டாம், நாய்க்கு ஆறடிக் கயிறு போதும்.

குட்டிக் காலத்தில் வீரம் காட்டுவது

ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை நாயோடு நடக்கிறவர்களைக் கயோட்டி கொஞ்ச தூரம் பின்தொடர்ந்து வரும். பக்கத்தில் வளை இருக்கிறது, உள்ளே குட்டிகள் இருக்கின்றன, நாயை அங்கிருந்து வெளியே அனுப்பப் பார்க்கிறது, அவ்வளவுதான். அங்கே போய் நான் மேலே எழுதியதைச் செய்யாதீர்கள். குட்டியை விட்டுவிட்டு அது ஓடாது. நாயைக் கிட்டே பிடித்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே நிதானமாக வந்த வழியே திரும்புங்கள், அடுத்த சில மாதம் வேறு வழியில் நடங்கள். சான் பிரான்சிஸ்கோவின் பிரசிடியோ பூங்காவில் வருடாவருடம் இந்தக் காலத்தில் சில பாதைகளில் நாய்களை விடுவதே இல்லை. அதே ஊரின் தாவரவியல் தோட்டத்தில் 2024 ஜூனில் 5 வயதுச் சிறுமி ஒருத்தி கடிபட்டாள். அடுத்த நாளே மூன்று கயோட்டிகள் சுடப்பட்டன.

"பிடித்துக் காட்டில் விட்டுவிடலாமே"

விடக்கூடாது. கலிபோர்னியாவில் அனுமதியில்லாமல் அப்படி இடம் மாற்றுவது சட்டப்படி தவறு. விட்ட இடத்தில் ஏற்கெனவே இருக்கிற கயோட்டிகள் அதை வாழவிடாது, காலியான இடத்துக்கு ஊர்சுற்றும் இளசு ஒன்று வந்துவிடும். எல்லாவற்றையும் கொன்றுபோடச் சொல்கிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். பெரும்பாலும் பிரச்சினை செய்வது குறிப்பிட்ட ஒன்றோ இரண்டோதான். எங்கள் பக்கத்து மொராகாவிலும் லஃபாயெட்டிலும் 2020 ஜூலையிலிருந்து எட்டு மாதத்துக்குள் ஐந்து பேர் கடிபட்டார்கள். 2021 மார்ச்சில் பிடித்த ஒரு கயோட்டியின் மரபணுவைப் பரிசோதித்தபோது, ஐவரையும் கடித்தது அதே ஒன்றுதான் என்று உறுதியானது.

தாமதமாகச் சொல்வது

அந்த ஒன்று எது என்று கண்டுபிடிக்க நீங்கள் சொல்வதுதான் அதிகாரிகளுக்குக் கிடைக்கிற துப்பு. கடித்தபிறகு சொல்வதைவிட, நகராமல் நின்ற அன்றைக்கே நகரத்தின் விலங்குக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குச் சொல்லிவிடுங்கள். வெறுமனே "கயோட்டி வந்தது" என்று சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் பிடிபடாது. எந்தத் தெரு, எத்தனை மணி, எத்தனை அடி தூரம், கூட நாய் இருந்ததா, பக்கத்தில் தின்கிற பொருள் எதுவும் கிடந்ததா, சத்தம் போட்டபோது ஓடியதா, நின்றதா, கிட்டே வந்ததா என்று சொல்லுங்கள். அதன் காதிலோ காலிலோ அடையாளம் எதையாவது பார்த்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். யாரையாவது கடித்திருந்தால், காயம் சின்னதாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, ரேபிஸ் ஊசி பற்றிக் கேட்க அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.