ஊசிமுனையைத் திரையில் தொடரப் பழகுங்கள்

மைய சிரைக் குழாய் (இதயத்தை ஒட்டிய பெரிய சிரையை எட்டும் மெல்லிய குழாய்) செலுத்தப் பயிலும் மருத்துவர்கள் பலர், அல்ட்ராசவுண்ட் திரையில் வெண்புள்ளி ஒன்று தெரிந்தவுடன் அதையே ஊசியின் முனை என்று நம்பிவிடுகிறார்கள். குறுக்குவெட்டுக் காட்சியில் ஊசியின் தண்டும் அதேபோன்ற புள்ளியாகத்தான் தெரியும் என்பதால், உண்மையான முனை ஏற்கெனவே சிரையின் பின்சுவரைத் துளைத்திருக்கக்கூடும். ஆகவே, நோயாளியிடம் செய்வதற்கு முன் பயிற்சி மாதிரியில், புள்ளி மறையும்வரை புரோபை (தோல்மீது வைக்கும் அல்ட்ராசவுண்ட் கைக்கருவியை) சற்றே முன்னே நகர்த்தி நிறுத்துங்கள். பிறகு அது மீண்டும் தோன்றும்வரை மட்டும் ஊசியைச் செலுத்துங்கள். முனை சிரையின் நடுவில் தெரியும்வரை இவ்விரண்டையும் மாறிமாறிச் செய்ய வேண்டும். தொடக்கத்தில் இது சலிப்பூட்டும் வேலைதான். மென்மையாக அழுத்தினால் சிரை நசுங்கும், தமனி எளிதில் நசுங்காது என்பதை ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். ஊசி வழியாகச் சிரைக்குள் நுழைத்து, குழாயை அதன்மேல் செலுத்த உதவும் வழிகாட்டிக் கம்பி உள்ளே இருக்கும்வரை அதன் வெளிமுனையைக் கையிலிருந்து விடக்கூடாது.