படையில் இருக்கும் பிள்ளை: புறப்படும் முன் வீட்டில் பேசி முடிக்க வேண்டியவை

பிள்ளை பணியிடத்துக்குப் புறப்படும் தேதி தெரிந்ததும், அதற்குப் பத்து நாள் முன்னதாக ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கிவிடுங்கள். பெட்டி கட்டும் கடைசி இரண்டு நாளில் இதையெல்லாம் பேச யாருக்கும் மனம் வராது, நேரமும் இருக்காது. பேச வேண்டியவை நான்கு: ஆவணங்கள் எங்கே இருக்கின்றன, தகவல் முதலில் யாருக்கு வரும், பேச்சில்லாமல் போனால் எத்தனை நாள் பொறுத்திருப்பது, வீட்டில் ஏதாவது நேர்ந்தால் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது. இந்த நான்கும் தீர்ந்துவிட்டால், பின்னால் வரக்கூடிய நடுராத்திரிப் பதற்றங்களில் பெரும்பகுதி வராமலே போகும்.

தாள்களும் பெயர்களும்

ஒரே தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: படை எண், பதவி, பணிப்பதிவேட்டில் உள்ளபடி முழுப்பெயர், பிறந்த தேதி, ரத்தப் பிரிவு, படைப்பிரிவின் பெயர், தபால் முகவரி, குடும்ப நலனைக் கவனிக்கும் அலுவலரின் எண், இரவிலும் ஆள் இருக்கும் பணி அறையின் எண். இரண்டு பிரதிகள் போதும். ஒன்று வீட்டில், மற்றொன்று நம்பிக்கையான இன்னொருவரிடம். இதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது.

பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் முதலெழுத்தோடும், வங்கிக் கணக்கில் அதை விரித்தும், படைப் பதிவேட்டில் மூன்றாவது விதமாகவும் பெயர் இருந்தால், பணம் வர வேண்டிய நேரத்தில் எல்லாம் நின்றுபோகும். திருத்துவதற்குப் பிள்ளையின் கையெழுத்து தேவைப்படும். ஆகவே பக்கத்தில் இருக்கும்போதே திருத்திவிடுங்கள்.

பலரும் ஒன்றென்று நினைத்து ஏமாறுவது மூன்று தனித்தனிப் பதிவுகளை. அவசரத் தகவல் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது ஒன்று. காப்பீடு, சேமநிதி ஆகியவற்றின் நாமினி யார் என்பது இன்னொன்று. உயில் மூன்றாவது. ஒன்றை மாற்றினால் மற்றவை தாமாக மாறுவதில்லை. திருமணம், மணமுறிவு, குழந்தை பிறப்பு, நாமினியாக இருந்தவரின் மறைவு என எது நடந்தாலும் மூன்றையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கல்யாணமாகிப் பல ஆண்டு ஆன பிறகும் நாமினியாக அம்மா பெயரே இருப்பதும், மணமுறிவுக்குப் பிறகும் பழைய துணையின் பெயரே நிற்பதும் குடும்பத்தை வழக்கில் கொண்டுபோய் விடும். அம்மா பெயரை எடுக்கச் சொல்வது அம்மாவுக்கு வலிக்கலாம். இருந்தாலும் அதை முதலில் பேச வேண்டியவர் அம்மாதான்; மருமகள் கேட்கும்படி விடக்கூடாது.

நீங்கள் வீடு மாறினாலும் பதிவேட்டில் முகவரியை மாற்றச் சொல்லுங்கள். கெட்ட செய்தியைப் பல நாட்டுப் படைகள் நேரில் ஆள் அனுப்பியே சொல்கின்றன. அவர்கள் போவது பதிவேட்டில் இருக்கும் முகவரிக்கு. முகவரி பழையதாக இருந்தால், அவர்கள் உங்களைத் தேடிக்கொண்டிருக்கும்போதே செய்தி வேறு வழியாக உங்கள் காதுக்கு வந்துவிடும்.

பிள்ளையின் வங்கி, வீடு, வாகன வேலைகளை நீங்கள் கவனிக்கப் போகிறீர்கள் என்றால் பவர் பத்திரம் வேண்டும். எல்லா அதிகாரமும் கொடுக்கும் பொதுப் பத்திரத்தைவிட, இந்தக் கணக்கு, இந்தச் சொத்து, இந்தத் தேதி வரை என்று குறித்து எழுதியது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. வரைவை முதலில் வங்கியில் காட்டிக் கேளுங்கள். தங்கள் வாசகம் இல்லையென்று வங்கி திருப்பி அனுப்புவது சகஜம். அப்போது பிள்ளை எட்டாத தூரத்தில் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்றும் மனதில் இருக்கட்டும்: எழுதிக்கொடுத்தவரின் மரணத்தோடு பவர் பத்திரம் பொதுவாகச் செல்லாமல் போகும். அது உயிலுக்கு மாற்றாகாது.

தகவல் வரும் வழி

பிள்ளைக்குத் திருமணமாகியிருந்தால் படைப்பிரிவு பெரும்பாலும் கணவனிடமோ மனைவியிடமோதான் முதலில் பேசும். பெற்றோருக்கு அது மனக்குறையாக இருக்கும். அந்தக் குறையைப் பிள்ளை மீதோ மருமகள் மீதோ காட்டினால் வரும் தகவலும் அடைபட்டுப் போகும். அதற்குப் பதில் முன்கூட்டியே மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்: மருமகளுக்குச் செய்தி வந்தால் எவ்வளவு நேரத்தில் உங்களுக்குச் சொல்வார், உங்களில் யார் போனை எடுப்பது, உறவினர்களுக்குச் சொல்வது யார் பொறுப்பு. உறவுக்காரர் முப்பது பேருக்கு ஒருவரே பதில் சொல்வதென்று வைத்துக்கொண்டால் மருமகளின் போன் ஓயாமல் அடிக்காது. அவருக்கும் அந்த நேரத்தில் தாங்க முடியாத பாரம் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

பேச்சில்லாத நாட்கள்

பெற்றோரை அதிகம் வாட்டுவது இதுதான். ஞாயிறுதோறும் வரும் அழைப்பு வரவில்லை. அனுப்பிய செய்தி ஒற்றை டிக்கோடு நிற்கிறது. காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை: இடம் மாறியிருப்பார்கள், பயிற்சியில் போனை வாங்கி வைத்திருப்பார்கள், சிக்னல் இருக்காது, பேசுவதற்கு நீண்ட வரிசை இருக்கும், களைத்துத் தூங்கியிருப்பார்கள்.

இன்னொரு காரணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு முகாமில் யாராவது இறந்தாலோ பலத்த காயமடைந்தாலோ, அந்தக் குடும்பத்துக்கு முறைப்படி செய்தி போய்ச் சேரும்வரை அங்கிருந்து வெளியே போகும் போனையும் இணையத்தையும் சில படைகள் மொத்தமாக நிறுத்திவைக்கின்றன. சக வீரர் மூலமாகவோ சமூக ஊடகம் மூலமாகவோ அந்தத் தாய் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதே நோக்கம். அந்த நேரத்தில் முகாமில் உள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே மாதிரியான மௌனம்தான். ஆகவே பேச்சு நின்றுவிட்டதை உங்கள் பிள்ளைக்கு ஆபத்து என்ற அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான இடைவெளி எவ்வளவோ அதைப்போல இரு மடங்கு, அதற்கு மேல் மூன்று நாள். வாரம் ஒருமுறை பேசுகிற பிள்ளை என்றால் பதினேழு நாள். அதுவரை யாரையும் அழைப்பதில்லை. கடந்தால் நலன் அலுவலரை ஒருமுறை அழைத்து, பெயரும் படை எண்ணும் சொல்லி, “வீட்டுக்கு ஒரு வரி அனுப்பச் சொல்ல முடியுமா?” என்று கேட்கலாம். பிள்ளை கடலில் நீர்மூழ்கிக் கப்பலிலோ, எல்லைக் காவல் நிலையிலோ இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. புறப்படும் முன்பே அவர்களிடம் கேட்டு எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். முடிவு செய்த எண்ணைத் தாளில் எழுதுங்கள். பதற்றத்தில் மனம் அதைச் சுருக்கிக்கொண்டே வரும்.

அழைப்பு திடீரென்று வந்தால் முதல் நிமிடத்தைப் புகாரில் கழிக்காதீர்கள். “ஏன் இத்தனை நாளாப் பேசலை?” என்ற கேள்வியிலேயே சில அழைப்புகள் முடிந்துபோகின்றன. வீட்டில் என்ன நடந்தது, யார் வந்தார்கள், எதைச் சரிசெய்தீர்கள் என்று சின்னச் சின்ன விஷயங்களைப் பேசுங்கள். பயிற்சியின் முதல் சில வாரங்களில் “என்னால முடியலை, வந்துடுறேன்” என்ற அழைப்பு வரலாம். பதில் சொல்லும் முன், அடி உதை, அவமானம், காயம் ஏதாவது உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். இருந்தால் தேதியோடு குறித்துக்கொண்டு முறைப்படி புகார் கொடுக்க உதவுங்கள். இல்லையென்றால் கேட்டுக்கொண்டாலே போதும். பெரும்பாலும் அடுத்த அழைப்பில் குரல் மாறியிருக்கும். கெண்டைக்கால் எலும்பில் ஒரே இடத்தில் வலி கூடிக்கொண்டே போகிறது என்றால் அது எலும்பில் விழுந்த நுண் விரிசலாக இருக்கலாம். மறைத்து ஓடினால் முழு முறிவாகும் என்று சொல்லி மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

வெளியே சொல்லக் கூடாதவை

இடம், தேதி, எண்ணிக்கை, அடுத்து எங்கே என்பது ஆகிய நான்கையும் யாரிடமும் சொல்லாதீர்கள். திரும்பி வரும் விமானத்தின் நாளும் இதில் அடக்கம். பெருமையில் பலர் நழுவவிடுவது அதைத்தான். தனித்தனியே பார்த்தால் ஒன்றுமில்லாத துணுக்குகள் சேர்ந்தால் முழுப்படமாகும். உடற்பயிற்சிச் செயலியான ஸ்ட்ராவா, தன் பயனர்கள் ஓடிய பாதைகளை 2017 நவம்பரில் உலக வரைபடமாக வெளியிட்டது. அதில் ஆப்கானிஸ்தான், சிரியா போன்ற இடங்களின் ராணுவத் தளங்கள் ஒளிர்ந்து தெரிந்ததை 2018 ஜனவரியில் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். காலையில் ஓடியவர் யாரும் ரகசியத்தை வெளியிட நினைக்கவில்லை.

பிள்ளை அனுப்பும் படத்தை மறுபடி பகிரும் முன் பின்னணியைப் பாருங்கள்: மலை, கட்டடம், வண்டி எண், சீருடையின் சின்னம். போன் கேமரா படத்துக்குள்ளேயே இடக்குறிப்பைப் பதிந்து வைக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். அதையே டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். சீருடைப் படங்களைத் திருடிப் போலிக் கணக்கு தொடங்கிக் காதல் மோசடி செய்பவர்களும் உண்டு. உறவினர் கேட்டால் சொல்ல ஒரே பதிலைத் தயாராக வைத்திருங்கள்: “நல்லா இருக்கான், இடமெல்லாம் சொல்றதில்லை.” இரண்டு முறை கேட்டவர் மூன்றாம் முறை கேட்க மாட்டார்.

“உங்கள் பிள்ளைக்கு அடிபட்டுவிட்டது, சிகிச்சைக்கு உடனே பணம் அனுப்புங்கள்” என்று அழைப்பு வந்தால் அது மோசடி. காயமடைந்த வீரரின் சிகிச்சைக்குப் படை அப்படிக் குடும்பத்தை அழைத்துப் பணம் கேட்பதில்லை. குரலைப் போலவே பேசவைக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன, குரலை நம்பாதீர்கள். குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பைத் துண்டித்து, தாளில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

வீட்டில் நோயோ மரணமோ நேர்ந்தால்

குறுஞ்செய்தியில் சொல்லாதீர்கள். பிள்ளை காவல் பணியில், கையில் ஆயுதத்தோடு, தனியாக இருக்கும் நேரத்தில் அது திறக்கப்படலாம். படைப்பிரிவுக்குச் சொன்னால் மேலதிகாரி அருகில் அமர்ந்து சொல்ல ஏற்பாடு செய்வார். அவசர விடுப்பு வேலையும் அதே நேரத்தில் தொடங்கும். அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: பிள்ளையின் பெயரும் படை எண்ணும், நோயாளியின் முழுப்பெயர், உறவு முறை, மருத்துவமனை, வார்டு, மருத்துவரின் பெயரும் எண்ணும், நோய் என்ன, நிலைமை எப்படி, பிள்ளை நேரில் வர வேண்டும் என்று மருத்துவர் கருதுகிறாரா என்பது. கடைசி வரிதான் முடிவைத் தீர்மானிக்கும். “சீரியஸ்” என்று மட்டும் சொன்னால் அதிகாரியால் கையெழுத்திட முடியாது. மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிப் படமெடுத்து அனுப்புங்கள். வளர்த்தது தாத்தா பாட்டி என்றால் அதையும் எழுதிக் கேளுங்கள். பல விதிகளில் அவர்கள் நேரடி உறவாக வருவதில்லை என்றாலும், பெற்றோர் இடத்தில் இருந்து வளர்த்தவர் என்று காட்டினால் சில இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள்.

விடுப்பு கிடைக்காமலும் போகலாம். அதற்கு நீங்கள் தயாராக இருப்பது பிள்ளைக்குச் செய்யும் பெரிய உதவி. “நீ வரலைன்னாலும் நாங்க பாத்துக்குறோம்” என்று முன்பே சொல்லிவைத்திருந்தால் குற்ற உணர்ச்சி சற்றுக் குறையும்.

கடிதமும் பார்சலும்

கடிதங்களுக்கு வரிசை எண்ணும் தேதியும் போடுங்கள். ஐந்தாவது கடிதம் மூன்றாவதுக்கு முன்னால் போய்ச் சேரும். பார்சலைப் பெரிதாக ஒன்று அனுப்புவதைவிடச் சிறிதாகப் பல அனுப்புவது நல்லது. வைத்துக்கொள்ள இடம் குறைவு, தொலைந்தாலும் நஷ்டம் சிறியது. சோப்பு, பவுடரைத் தனிப் பையில் இறுக்கி மூடாவிட்டால் உணவெல்லாம் அந்த வாசம் ஏறும். பெட்டிக்குள்ளும் முகவரிச் சீட்டு ஒன்று வையுங்கள். கருவிகளில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஸ்பிரே, லைட்டர் கூடவே கூடாது. உள்ளாடை அனுப்பினால் பருத்தியா கம்பளியா என்று பாருங்கள். பாலியெஸ்டர், நைலான் துணி தீயில் உருகித் தோலோடு ஒட்டும்; இராக்கில் தளத்தை விட்டு வெளியே போகும்போது அவற்றை அணிய அமெரிக்க மரீன் படை 2006இல் தடை விதித்தது அதனால்தான்.

சிறைப்பிடிக்கப்பட்டால்

1949ஆம் ஆண்டின் மூன்றாவது ஜெனீவா ஒப்பந்தப்படி, பிடிபட்ட வீரர் சொல்ல வேண்டியது பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் மட்டுமே. முகாமுக்கு வந்து ஒரு வாரத்துக்குள், குடும்பத்துக்கும், சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் மத்தியத் தேடல் அமைப்புக்கும் தான் பிடிபட்டதைத் தெரிவிக்கும் அட்டையை எழுத அவரை அனுமதிக்க வேண்டும். மாதம் குறைந்தது இரண்டு கடிதங்களும் நான்கு அட்டைகளும் அவர் உரிமை. உங்கள் நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் அல்லது செம்பிறைச் சங்கம் மூலமாகத் தேடல் விண்ணப்பம் கொடுங்கள். எதிரி வெளியிடும் காணொளியைப் பகிராதீர்கள். கைதிகளைக் காட்சிப்பொருளாக்குவதை அதே ஒப்பந்தம் தடுக்கிறது. பத்திரிகையிடம் பேசும் முன் படையிடம் கேளுங்கள். பிள்ளையின் அனுபவமும் சிறப்புப் பயிற்சியும் வெளியே தெரிந்தால் விசாரணை கடுமையாகலாம்.

திரும்பி வரும்போது

முதல் மூன்று நாளுக்கு விருந்து, விழா எதுவும் வைக்காதீர்கள். தூங்கட்டும். எழுப்ப வேண்டுமானால் தொட்டு உலுக்காமல், கதவருகே நின்று பெயர் சொல்லி அழையுங்கள். “யாரையாவது சுட்டியா?” என்று நீங்களும் கேட்காதீர்கள், வந்தவர்களையும் கேட்கவிடாதீர்கள்.

எரிச்சல், கெட்ட கனவு, சத்தத்துக்குத் திடுக்கிடுவது எல்லாம் முதல் சில வாரங்களில் வரக்கூடியவையே. ஒரு மாதம் தாண்டியும் நீடித்து வேலையையும் உறவையும் கெடுத்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வந்து ஆறு மாதம் கழித்தும் தொடங்கலாம் என்பதால் அப்போதும் கவனம் வேண்டும். குடி கூடுகிறதா, வண்டியை வெறியோடு ஓட்டுகிறாரா, பிடித்தமான பொருள்களை எடுத்துக் கொடுக்கிறாரா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பலருக்குச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கும். ஆம் என்று பதில் வந்தால் வீட்டில் துப்பாக்கியோ அதிகப்படியான மாத்திரையோ இல்லாமல் செய்யுங்கள், தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். பணிப்பதிவேட்டில் விழுந்துவிடுமோ, பதவி உயர்வு போய்விடுமோ என்ற பயத்தைச் சொன்னால் அதற்காகக் காத்திருக்காதீர்கள்.