முதல் வகுப்பு டிக்கெட்: பெயரைவிட விமானத்தைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் தொழில். “அம்மாவுக்கு முதல் வகுப்பே போடுங்கோ அண்ணை” என்று கனடாவிலிருந்து பிள்ளைகள் போன் எடுத்தால், நான் முதலில் பார்ப்பது விமான வகையை.

எமிரேட்ஸின் ஏ380 விமானத்தில் முதல் வகுப்புக்கு 14 தனியறைகள். குளிக்கலாம், தண்ணீர் 5 நிமிடம்தான். அவர்களுடைய போயிங் 777 விமானத்தின் புதிய அறைகளில் குளியல் இல்லை. ஆனால் 6 அறைகள்தான், சுவர் கூரைவரை அடைப்பு. நடு அறைக்கு ஜன்னலுக்குப் பதில் வெளியைக் காட்டும் கமராத் திரை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏ380இல் கதிரை வேறு, கட்டில் வேறு. முழங்கால் நோவுக்காரருக்கு என் தெரிவு அதுதான். ஸ்ரீலங்கனில் பிஸ்னஸ்தான் உச்சம், முதல் வகுப்பே கிடையாது.

சாப்பாட்டில்தான் பலர் ஏமாறுவது. “இந்துச் சாப்பாடு” என்று குறித்தால் ஆட்டிறைச்சியும் வரலாம், மாட்டிறைச்சி இராது. வெள்ளிக்கிழமை விரதக்காரருக்கு “ஆசிய சைவம்” என்று குறியுங்கள், குறைந்தது 24 மணி நேரம் முன்பே. ஷாம்பெயின் பெயர்களைப் பற்றி எங்கள் அம்மாமாருக்கு என்ன கவலை!

அப்புறம், இடையில் விமானம் மாறும் பயணத்தில் ஒரு துண்டு பிஸ்னஸாக இருக்கக்கூடும். ஒவ்வொரு துண்டின் வகுப்பையும் தனித்தனியே பார்த்துவிட்டுக் காசைக் கட்டுங்கள்.