வாதுல்கோவில் இறங்கி மசூந்தே போக: டாக்ஸி வரிசையைத் தாண்டி நடங்கள்

மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில், பசிபிக் கரையோரம் மசூந்தே என்று ஒரு சிற்றூர். பக்கத்து விமான நிலையம் வாதுல்கோ. இரண்டுக்கும் நடுவே சுமார் 50 கிலோமீட்டர். ஹியூஸ்டனில் வேலை பார்க்கிற நான் இதுவரை மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை விமான நிலைய வாசலிலேயே டாக்ஸி எடுத்தேன். அடுத்த இரண்டு முறையும் அதில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை.

கிளம்புமுன் விசா. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ விசா வேண்டும். ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஏதாவது ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ கிரீன் கார்டு போன்ற நிரந்தர வசிப்புரிமையோ கையில் இருந்தால் தனியாக வேண்டாம். குடியேற்ற அதிகாரி முத்திரை குத்தியதும் எத்தனை நாள் எழுதியிருக்கிறார் என்று அங்கேயே நின்று பாருங்கள். 180 நாள் வரை தரலாம், ஆனால் எல்லோருக்கும் அத்தனை தருவதில்லை.

வாதுல்கோ நிலையத்துக்கு ஓலைக்கூரைதான். ஏதோ பெரிய கல்யாணப் பந்தலுக்குள் விமானம் வந்து நின்ற மாதிரி இருக்கும். வெளியே வந்தால் டாக்ஸி கவுன்ட்டர். அங்கே விலை ஏன் எகிறுகிறது என்றால், விமான நிலையத்துக்குள் ஆள் ஏற்ற அதற்கென்று தனி அனுமதி பெற்ற வண்டிகளால்தான் முடியும். ஊர் டாக்ஸி உள்ளே வந்து ஆளை இறக்கலாம், ஏற்றக்கூடாது. ஆகவே பெட்டியை இழுத்துக்கொண்டு வாயிலைத் தாண்டி நடந்துவிடுங்கள். பத்து நிமிடத்துக்குள் 200ஆம் எண் நெடுஞ்சாலை வந்துவிடும். வெயில் மண்டையைப் பிளக்கும், தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலையில் நான் ஒரு தப்பு செய்தேன். மெக்சிகோவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். அமெரிக்காவில் இத்தனை வருடம் கார் ஓட்டியும், பஸ்ஸுக்கு நிற்கும்போது மட்டும் கால் தானாக நம்மூர் வழக்கப்படி நின்றுவிட்டது. வந்த முதல் வண்டியில் ஏறினேன். அது கிழக்கே லா குருசெசீத்தா போகிற வண்டி. உங்களுக்கு வேண்டியது மேற்கே, வண்டி மாறவேண்டிய போச்சுத்லா ஊருக்குப் போகிறது. அங்கே நிற்கிற யாரிடமாவது “போச்சுத்லா?” என்று மட்டும் கேளுங்கள், எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்று கையைக் காட்டிவிடுவார்கள். பஸ்ஸும் வரும், கொலெக்தீவோ என்கிற பகிர்வு டாக்ஸியும் வரும். எது முதலில் வருகிறதோ அதில் ஏறுங்கள்.

போச்சுத்லா சந்தை ஊர். பாங்க், மருந்துக்கடை, பழக்கடை எல்லாம் உண்டு. கையில் பெசோ இல்லையென்றால் இங்கேயே எடுத்துவிடுங்கள். ஏ.டி.எம். திரை “இந்த மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா?” என்று கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள். பணம் எப்படியும் வரும், உங்கள் பாங்கின் விகிதத்தில் வரும், பெரும்பாலும் அதுதான் மலிவு. அப்புறம் ஏதாவது ஒரு கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கி 500 பெசோ நோட்டை மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்து ஏறப்போகிற வண்டியில் அந்த நோட்டை நீட்டினால் ஓட்டுநர் உங்களைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, நம் ஷேர் ஆட்டோவில் காலை ஏழு மணிக்கு ஐந்நூறை நீட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்த வண்டிக்குப் பெயர் கமியோனேத்தா. பிக்கப் டிரக்கின் பின்பக்கம் இரண்டு ஓரமும் பெஞ்சு, மேலே தார்ப்பாய், பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி. கோழி, காய்கறி மூட்டை, பள்ளிப் பிள்ளைகள், சர்ஃபிங் பலகை எல்லாம் ஒன்றாக ஏறும். ஏறுமுன் “மசூந்தே?” என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், சில வண்டிகள் பாதியிலேயே நின்றுவிடும். முதலில் புவேர்த்தோ ஆங்ஹெல், அடுத்து சிப்போலித்தே, சான் அகுஸ்தினீயோ, கடைசியில் மசூந்தே. ஒவ்வொரு வளைவிலும் கடல் எட்டிப்பார்த்துவிட்டு மறையும். இறங்கவேண்டிய இடம் வந்ததும் “பாஹான்!” என்று குரல் கொடுத்தால் போதும். காசு இறங்கிய பிறகு ஓட்டுநரிடம்.

இருட்டிய பிறகு விமானம் இறங்கினால் நான் சொன்ன எதையும் கேட்காதீர்கள். மாலைக்கு மேல் இந்த வண்டிகள் குறைந்துபோகும், நெடுஞ்சாலை ஓரம் பெட்டியோடு நிற்பதில் அர்த்தமில்லை. பேசாமல் டாக்ஸி எடுங்கள். குழந்தைகள் இருந்தாலும் அப்படியே.

மேற்கே இருக்கிற புவேர்த்தோ எஸ்கொந்தீதோ ஊர்ப் பக்கமிருந்து வருபவர்கள் போச்சுத்லா வரை போகவேண்டாம். அதே நெடுஞ்சாலையில் சான் அந்தோனியோ சந்திப்பில் இறங்கினால் அங்கிருந்து மசூந்தேவுக்குக் கொஞ்ச தூரம்தான்.

வந்து சேர்ந்ததும் சாலையோரமே ஆமைக் காப்பகம் தெரியும். 1990இல் அரசு கடலாமை வேட்டையைத் தடைசெய்யும் வரை, ஆமை பிடித்துத்தான் இந்த ஊர் பிழைத்தது. இந்தக் கரைக்குக் கூட்டம் கூட்டமாக முட்டையிட வருவது சென்னையில் பெசன்ட் நகர் மணலில் ஏறுகிற அதே பங்குனி ஆமை இனம்.

திரும்பும் நாளில் விமான நேரத்துக்கு நான்கைந்து மணி நேரம் முன்பே மசூந்தேவை விட்டுக் கிளம்புங்கள். கமியோனேத்தா ஆள் சேரும் வரை நகராது. போச்சுத்லாவில் மாறி ஏறும்போது “ஏரோபுவேர்த்தோ” என்று சொல்லிவைத்தால் விமான நிலைய வாயில் முனையில் இறக்கிவிடுவார்கள். மறுபடியும் அதே பத்து நிமிட நடை.