'ரூக்கரி நூக்' பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் பேசும்படம் காலூன்றத் தொடங்கிய 1930-ஆம் ஆண்டில் வெளிவந்து, திரையரங்குகளில் பெரும் வரவேற்பைப் பெற்ற நகைச்சுவைப் படம் 'ரூக்கரி நூக்'. இன்று அதைப் பார்க்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிடுபவர்கள் பலர். அவர்களின் சலிப்புக்குப் படத்தின் குறைகளைவிட, படத்தை அணுகும் முறையில் நேரும் சில தவறுகளே பெரிதும் காரணம் என்பது என் கருத்து.

அசையாத கேமராவைக் கண்டதும் இயக்குநருக்குத் திறமை இல்லை என்று தீர்ப்பளிப்பது இவற்றுள் முதன்மையான தவறு. கேமரா ஓடும் இரைச்சல் ஒலிப்பதிவில் விழாதிருக்க அன்று அதை ஒலிபுகாத கூண்டுக்குள் அடைத்து வைத்தார்கள். நடிகர்களும் மைக்கின் எல்லைக்குள் நின்றே பேசியாக வேண்டியிருந்தது. அந்தக் கட்டுப்பாட்டினால் நமக்குக் கிடைத்த நன்மை ஒன்றும் உண்டு. லண்டனின் ஆல்ட்விச் அரங்கில் 1926 ஜூன் 30 அன்று தொடங்கி 409 முறை மேடையேறிய, நாடகாசிரியர் பென் டிராவர்ஸின் இதே பெயருள்ள நாடகத்தை, அதை மேடையில் நடித்த குழுவின் முன்னணி நடிகர்கள் தங்கள் ஆற்றல் குன்றாத காலத்திலேயே எல்ஸ்ட்ரீ படப்பிடிப்புத் தளத்தில் நடித்துக் காட்டியிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான இரவுகள் பார்வையாளரின் சிரிப்பைக் கேட்டுக் கேட்டுச் செப்பமடைந்த நகைச்சுவை நேரக்கணக்கு (டைமிங்), காட்சி வெட்டுகளால் அதிகம் சிதையாமல் இப்படத்தில் பதிவாகியுள்ளது. அதற்காகவே இதை நான் மதிக்கிறேன்.

இதையொட்டி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வசனங்களுக்கு இடையே வரும் சிறு மௌனங்களைத் தொய்வு என்று எண்ணி வேகத்தைக் கூட்டிப் பார்க்கக் கூடாது. நிறைந்த அரங்கில் அந்த இடங்களைச் சிரிப்பொலி நிரப்பிவிடும். கைப்பேசியில் தனியாகப் பார்ப்பவருக்கு அவை வெறுமையாகத் தோன்றுவது இயல்பு. எனவே இயன்றவரை நான்கு பேருடன் சேர்ந்து பார்ப்பது நல்லது.

பேசுபவரை மட்டும் கவனிப்பதும் இழப்பையே தரும். ஒரு கண்ணில் மட்டும் அணியும் ஒற்றை வில்லைக் கண்ணாடியும் தடுமாறும் பேச்சுமாக, நாயகனாக வரும் ரால்ஃப் லின் கவனத்தைக் கவர்வது உண்மைதான். எனினும், மனைவிக்கு நடுங்கும் வழுக்கைத்தலைக் கணவராக வரும் ராபர்ட்சன் ஹேரின் முகத்தில் கலவரம் படிப்படியாக ஏறுவதையும், வேலைக்காரப் பெண்மணியாக வரும் மேரி பிரஃப்பின் சந்தேகப் பார்வையையும் தவறவிட்டால் நகைச்சுவையில் பாதி கைநழுவிவிடும்.

"உண்மையைச் சொன்னால் கதை முடிந்துவிடுமே" என்று கேட்பதும் பொருந்தாது. மாற்றாந்தந்தை விரட்டியதால் பைஜாமாவுடன் ஓடிவரும் ஓர் இளம்பெண், புதிதாக மணமான ஒருவர் தனித்திருக்கும் வாடகை வீட்டில் இரவில் அடைக்கலம் புகுகிறாள். அன்றைய ஆங்கில நடுத்தர வர்க்கத்தில், மனைவியின் சகோதரி ஊரிலேயே இருந்து கண்காணிக்கும் நிலையில், அந்த உண்மையை எவரும் நம்பப்போவதில்லை என்ற அச்சமே கதையை நகர்த்துகிறது.

எழுதுபவர்கள் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. திரையிடலிலும் விநியோகத்திலும் பிரிட்டிஷ் படங்களுக்குக் கட்டாய ஒதுக்கீடு வகுத்த 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, இப்படத்தை ஒதுக்கீட்டுக் கணக்குக்காக அவசரமாகத் தயாரித்த மலிவுப் படங்களின் வரிசையில் சேர்த்துவிடுகிறார்கள். அத்தகைய படங்கள் பல, அமெரிக்க விநியோக நிறுவனங்கள் சட்டத்தை நிறைவு செய்வதற்காகவே எடுப்பித்தவை. இதுவோ ஹெர்பர்ட் வில்காக்ஸ் தம் பிரிட்டிஷ் அண்ட் டொமினியன்ஸ் நிறுவனத்தின் வழியே, மக்களிடம் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த குழுவை நம்பித் தயாரித்த படம். இதன் வெற்றியே அக்குழுவின் மற்ற நாடகங்களும் அடுத்தடுத்துத் திரைக்கு வர வழிவகுத்தது.

ஆண்டுகளையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: டிராவர்ஸின் நாவல் 1923-இலும், நாடகம் 1926-இலும், டாம் வால்ஸ் இயக்கி நடித்த படம் 1930-இலும் வந்தன. அமெரிக்காவில் இப்படம் 'ஒன் எம்பாரஸிங் நைட்' என்ற பெயரில் வெளியானதால், பழைய பட்டியல்களில் அப்பெயரைக் காண்பவர்கள் அதை வேறொரு படமாகக் கருதிவிடக் கூடாது.