இஆர்சி பணத்தைத் திரும்பக் கேட்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தெரிந்த அக்கா ஒருவர் லண்டனில் வீட்டை விற்று முடித்த கையோடு ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்தார். மார்ட்கேஜ், அதாவது வீட்டுக் கடன், பாக்கி 2,08,000 பவுண்டு. அதை முன்கூட்டியே அடைத்ததற்காக வங்கி பிடித்த கட்டணம், அதாவது இஆர்சி, 6,240 பவுண்டு. “பதினஞ்சு வருஷமா இதே பேங்க்லதான் இருக்கேன். ஒரு தவணைகூடத் தவறினதில்ல. இப்படிப் பண்ணலாமா தம்பி?” என்றார். வங்கிக்கும் இதையேதான் எழுதியிருந்தார். “ஒப்பந்தப்படிதான் பிடித்தோம்” என்று பதிலும் வந்துவிட்டது.

ஃபைலைப் புரட்டினால், மார்ட்கேஜ் ஆஃபர் கடிதத்தில் கட்டணம் ஆண்டுக்காண்டு இறங்கும் அட்டவணை இருந்தது. மே 31 வரை 3%, மறுநாளிலிருந்து 2%. கடனை அடைக்க எவ்வளவு வேண்டும் என்று வங்கி தரும் ரிடெம்ப்ஷன் ஸ்டேட்மென்ட், மே 28-ஆம் தேதிக்குப் போட்டது. விற்பனை தள்ளிப்போய் ஜூன் 3 அன்றுதான் பணம் வங்கிக்குப் போயிருக்கிறது. விற்பனையைக் கவனித்த வழக்கறிஞரான சொலிசிட்டர் பழைய ஸ்டேட்மென்டிலிருந்த தொகையோடு ஆறு நாள் வட்டியைச் சேர்த்து அனுப்பிவிட்டார். ஜூன் 3-க்கு 2% என்றால் 4,160 பவுண்டுதான். மீதி 2,080 அக்காவுடைய பணம். இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அரைப் பக்கத்தில் எழுதிப் போட்டோம். பணம் வந்தது.

பிரிட்டனில் இந்தக் கட்டணத்தைத் திரும்பக் கேட்பவர்களில் பலர் தோற்பது இந்த இடத்தில்தான். கோபம் நியாயமானது. ஆனால் கோபத்தை எழுதுகிறார்கள், கணக்கை எழுதுவதில்லை.

“கட்டணமே அநியாயம்” என்ற வாதம்

இது முதல் தவறு. பெரிய தவறும் இதுதான். பிரிட்டனின் நிதித் துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்சிஏவின் விதிகளின்படி, மார்ட்கேஜில் இஆர்சி வாங்குவது தடை செய்யப்பட்ட ஒன்றல்ல. ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. கட்டணத்தை ரொக்கத் தொகையாகச் சொல்ல முடிய வேண்டும். வாடிக்கையாளர் முன்கூட்டி அடைப்பதால் வங்கிக்கு வரக்கூடிய செலவை நியாயமாக முன்மதிப்பிட்ட தொகையாகவும் அது இருக்க வேண்டும். இங்கே கவனிக்க வேண்டிய சொல் முன்மதிப்பீடு. உங்கள் ஒரு கடனால் வங்கிக்கு அன்று உண்மையில் எவ்வளவு நஷ்டம் என்று பார்ப்பதில்லை. ஒரே மாதிரியான கடன்களை மொத்தமாக எடுத்து, சராசரியாகக் கணக்குப் போட்டு, கடன் கொடுக்கும்போதே அந்த விகிதத்தை நிர்ணயிக்க வங்கிக்கு இடமிருக்கிறது.

அதனால்தான் “இப்போது வட்டி ஏறிவிட்டதே, என் பணத்தை வாங்கி இன்னும் அதிக வட்டிக்குக் கொடுப்பார்களே, அவர்களுக்கு என்ன நஷ்டம்?” என்ற கேள்வி, கேட்கச் சரியாக இருந்தாலும், பெரும்பாலும் எடுபடுவதில்லை. பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் அடிப்படை வட்டி 2021 டிசம்பர் வரை 0.1% ஆக இருந்தது, 2023 ஆகஸ்டில் 5.25% ஆனது. அந்த ஏற்றத்தின் நடுவில் பயந்துபோய், குறிப்பிட்ட காலத்துக்கு வட்டி மாறாத ஃபிக்ஸட் ரேட்டை உடைத்து, இஆர்சி கட்டி வேறு கடனுக்கு மாறியவர்கள் உண்டு. அந்த முடிவு தப்பாகிப் போனது என்பதற்காக மட்டும் வங்கி பணத்தைத் திருப்பித் தராது. ஆனால் அப்படி மாறச் சொன்னது, கடன் ஏற்பாடு செய்து தரும் ஒரு புரோக்கர் என்றால் கதை வேறு. அதற்குக் கீழே வருகிறேன்.

ஆஃபர் கடிதத்தைத் தேடாமல் புகார் எழுதுவது

புகாருக்கு உட்காரும் முன் மூன்று காகிதங்கள் கையில் இருக்க வேண்டும்: முதலில் வந்த மார்ட்கேஜ் ஆஃபர், ரிடெம்ப்ஷன் ஸ்டேட்மென்ட், சொலிசிட்டரின் கடைசிக் கணக்கு. ஆஃபர் தொலைந்துபோயிருந்தால் வங்கியிடம் நகல் கேளுங்கள். அப்புறம் வரிவரியாக ஒப்பிடுங்கள்.

ஃபிக்ஸட் காலம் முடியும் தேதி என்ன? “ஐந்து வருட ஃபிக்ஸட்” என்றால் வீடு வாங்கிய நாளிலிருந்து சரியாக ஐந்து வருடம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பல ஆஃபர்களில் ஒரு குறிப்பிட்ட தேதியே போட்டிருக்கும், அது உங்கள் கணக்குக்குச் சில மாதம் முன்போ பின்போ வரலாம். கட்டணம் எதன் மீது? மீதமுள்ள கடன் மீதா, முதலில் வாங்கிய கடன் மீதா? எந்தப் படியில் இருக்கிறீர்கள்? ஐந்து வருடக் கடனில் 5, 4, 3, 2, 1 என்று விகிதம் இறங்குவது சாதாரணம். படி மாறும் தேதியை ஒட்டி அடைத்தவர்கள் கட்டாயம் இதைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, ஆண்டுக்கு 10% வரை கட்டணமில்லாமல் கூடுதலாகக் கட்டலாம் என்ற சலுகை. பல ஃபிக்ஸட் கடன்களில் இது உண்டு. 2,00,000 பவுண்டு பாக்கிக்கு 3% என்றால் 6,000. 20,000 பவுண்டுக்குக் கட்டணம் கிடையாது என்று கழித்தால் 5,400. அறுநூறு பவுண்டு வித்தியாசம். ஆனால் சில கடன்களில் முழுதாக அடைக்கும்போது இந்தச் சலுகை செல்லாது, தனியாகக் கட்டும்போது மட்டும்தான். உங்கள் ஆஃபரில் எப்படி எழுதியிருக்கிறது என்பதே முடிவு. எழுத்து உங்கள் பக்கம் இருந்தும் வங்கி கழிக்காமல் விட்டிருந்தால், அது நேரடியாகத் திரும்பக் கேட்கக்கூடிய பணம்.

இன்னொன்று, இஆர்சியையும் கணக்கு முடிக்கும் கட்டணத்தையும் குழப்பிக்கொள்வது. பின்னது, பத்திரத்தின் மீதுள்ள உரிமையை விடுவிக்கும் காகித வேலைக்கான சிறிய நிர்வாகக் கட்டணம். கடன் நடந்துகொண்டிருக்கும்போதே சத்தமில்லாமல் அதைக் கூட்டிய நிறுவனங்கள் இருந்தன. அப்போதைய கண்காணிப்பு அமைப்பான எஃப்எஸ்ஏ 2007 ஜனவரியில் இதில் தலையிட்டது. கூடுதலாகக் கட்டிய தொகையைப் பலர் திரும்பப் பெற்றார்கள். இன்றும் ஆஃபரில் உள்ள தொகையும் பிடித்த தொகையும் ஒன்றுதானா என்று ஒரு முறை பாருங்கள்.

வீடு மாறியவர்கள் கோட்டைவிடும் பணம்

பழைய வீட்டை விற்கும் நாளும் புதிய வீடு வாங்கும் நாளும் ஒன்றாக அமையாதபோது, விற்ற அன்று இஆர்சி பிடித்துவிடுவார்கள். அது முடிந்த கதை என்று விட்டுவிடாதீர்கள். பல வங்கிகளில், பழைய கடனின் அதே விகிதத்தைப் புதிய வீட்டுக்குக் கொண்டுபோகும் போர்ட்டிங் வசதி உண்டு. குறிப்பிட்ட காலத்துக்குள் அதே வங்கியிலேயே புதிய கடன் எடுத்தால் பிடித்த கட்டணத்தைத் திருப்பித் தருவதும் உண்டு. காலம் வங்கிக்கு வங்கி மாறும். மூன்று மாதமாகவும் இருக்கலாம், ஆறு மாதமாகவும் இருக்கலாம். இது தானாக வரும் என்று காத்திருப்பது தவறு. கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். புதிய கடன் சிறியதாக இருந்தால் குறைந்த பகுதிக்கு மட்டும் கட்டணம் நிற்கும், மற்றது திரும்ப வரும்.

தவறான ஆளிடம் புகார் செய்வது

இரண்டு வருடத்தில் வேறு ஊருக்கு மாற்றல் வரும், குழந்தை பள்ளிக்குப் போகும் முன் வீடு மாற வேண்டும் என்றெல்லாம் புரோக்கரிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவரோ ஐந்து வருட ஃபிக்ஸட் கடனை வாங்கிக் கொடுத்துவிட்டார். இரண்டாம் வருடம் வீட்டை விற்றபோது இஆர்சி விழுந்தது. இங்கே வங்கி ஒப்பந்தப்படிதான் நடந்தது. தவறு ஆலோசனையில். புகார் புரோக்கர் மீது போக வேண்டும், வங்கி மீது போனால் மாதங்கள் வீணாகும். முதல் சந்திப்புக்குப் பிறகு புரோக்கர் அனுப்பிய பரிந்துரைக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் திட்டங்களைப் பற்றி அதில் ஒரு வரி இருந்தாலே போதும், அதுதான் உங்கள் பலமான சாட்சி.

வங்கி ஊழியரே தொலைபேசியில் “கட்டணம் எதுவும் வராது” என்று சொல்லி, நீங்கள் அதை நம்பி அடைத்திருந்தால், அந்தப் பேச்சின் பதிவைக் கேளுங்கள். உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் தகவலைக் கேட்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. அதற்குக் கட்டணம் கிடையாது, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். தவறான தகவல் தந்தார்கள் என்று நிரூபித்தால் மட்டும் முழுத் தொகை வராது. சரியான தகவல் கிடைத்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்பார்கள். “மூன்று வாரம் காத்திருந்து கட்டணமில்லாமல் அடைத்திருப்பேன், அவசரம் எதுவும் இல்லை” என்று காட்ட முடிந்தால் வழக்கு வலுவாகும். எப்படியும் அன்றே விற்றாக வேண்டிய நிலை என்றால், மன உளைச்சலுக்கு ஒரு சிறு தொகைதான் கிடைக்கும்.

வீட்டின் மீதான இரண்டாவது கடன்

மார்ட்கேஜுக்கு மேல் அதே வீட்டை ஈடாக வைத்து வாங்கும் செக்யூர்டு லோனுக்கும் இதே சட்டம்தான் என்று நினைத்துப் பழைய கடன்களில் ஏமாறுகிறார்கள். 2016 மார்ச் 21 முதல் இவை எஃப்சிஏவின் மார்ட்கேஜ் விதிகளுக்குள் வந்துவிட்டன. அதற்கு முந்தைய பல கடன்கள் 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டவை. அப்படிப்பட்ட கடனை முன்கூட்டி அடைக்கும்போது, இனி வரவேண்டிய வட்டியில் ஒரு பகுதியைக் கழித்தே தீர வேண்டும். கழிப்பதற்கான சூத்திரம் 2005 மே 31 அன்று நடைமுறைக்கு வந்த விதிகளில் இருக்கிறது. பொதுவாக, அடைக்கப்போவதாகச் சொன்ன நாளிலிருந்து ஏறக்குறைய 58 நாள் வட்டி வரைதான் கூடுதலாக விழும். அதைத் தாண்டி எடுத்திருந்தால் கணக்கை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். 2008 ஏப்ரலுக்கு முன், 25,000 பவுண்டுக்கு மேல் வாங்கிய கடன் பொதுவாக அந்தச் சட்டத்துக்குள் வராது. வாடகைக்கு விடும் வீட்டுக் கடன்களிலும் எஃப்சிஏ விதிகள் பெரும்பாலும் கை கொடுக்காது, ஒப்பந்தம்தான் எல்லாம்.

பெற்றோர் இறந்த பிறகு அவர்கள் கடனை அடைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. துக்கத்தில் இதை யாரும் பார்ப்பதில்லை. இறப்பின்போது இஆர்சி வாங்காத வங்கிகள் பல. வயதானவர்கள் தாங்கள் குடியிருக்கும் வீட்டை ஈடாக வைத்து எடுக்கும் ஈக்விட்டி ரிலீஸ் கடனிலும், கடன் எடுத்தவர் இறந்தாலோ நிரந்தரமாகப் பராமரிப்பு இல்லத்துக்குப் போனாலோ பொதுவாக இந்தக் கட்டணம் கிடையாது. பிடித்திருந்தால் விடாதீர்கள்.

கட்டாமல் மல்லுக்கட்டுவது, காலத்தைக் கோட்டைவிடுவது

கட்டணம் தப்பு என்று தெரிந்ததும் “தீரும் வரை கட்டமாட்டேன்” என்று நிற்பவர்கள் விற்பனையையே கெடுத்துக்கொள்கிறார்கள். ஸ்டேட்மென்டில் உள்ள முழுத் தொகை போகாமல் வங்கி வீட்டின் மீதுள்ள பிடியை விடாது. கட்டிவிடுங்கள். கட்டும்போதே, “இந்தக் கட்டணத்தை நான் ஏற்கவில்லை, திரும்பக் கேட்கப்போகிறேன்” என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

முதலில் வங்கிக்கோ புரோக்கருக்கோ புகார். அவர்களுக்கு எட்டு வாரம் அவகாசம். பதில் திருப்தியில்லை என்றாலோ, எட்டு வாரத்தில் பதிலே வரவில்லை என்றாலோ, நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஃபைனான்சியல் ஒம்புட்ஸ்மன் சர்வீஸுக்குப் போகலாம். இறுதிப் பதில் கடிதத்தின் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அந்தக் கடிதத்தை மேசை மேல் போட்டுவிட்டு மறந்து, ஏழாவது மாதம் தேடி எடுப்பவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

இதற்கு மேல் ஆறு வருடக் கெடு ஒன்றும் உண்டு. நீங்கள் குறை சொல்லும் சம்பவம் நடந்து ஆறு வருடத்துக்குள், அல்லது குறை இருப்பது தெரிந்த, தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள், இரண்டில் எது பிந்தியதோ அது. சம்பவம் என்பது எது என்று பாருங்கள். கணக்கில் தவறு என்றால் கட்டணம் பிடித்த நாள். ஆலோசனையில் தவறு என்றால் ஆலோசனை தந்த நாள், அது பல வருடம் முந்தையதாக இருக்கும்.

ஒம்புட்ஸ்மனுக்கு நீங்கள் ஒரு பென்ஸ்கூடக் கட்ட வேண்டாம். ஆனாலும் “நாங்கள் வாங்கித் தருகிறோம்” என்று வரும் கிளெய்ம் நிறுவனங்களிடம் பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். 2022 மார்ச் 1 முதல் அவர்கள் கட்டணத்துக்கு எஃப்சிஏ உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்புக்குள்ளேயே கூட, 5,000 பவுண்டு கிடைத்தால் 28%, அதாவது 1,400 பவுண்டு வரை போகும், வாட் வரி தனி. ஒரு பக்கக் கடிதத்துக்கு இது ரொம்ப அதிகம். முன்பணம் கேட்டால் அங்கேயே தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

கடிதத்தில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: கடன் எண், அடைத்த தேதி, பிடித்த தொகை, ஆஃபரின் எந்தப் பக்கம் என்ன சொல்கிறது, அதன்படி எவ்வளவு பிடித்திருக்க வேண்டும், வித்தியாசம் எவ்வளவு, அது வட்டியோடு வேண்டும்.

வட்டியோடு பணம் வந்தால், அந்த வட்டியில் 20% வருமான வரி பிடித்துக்கொண்டு தருவது வழக்கம். குறைந்த வருமானம் உள்ளவர்கள், சேமிப்பு வட்டிக்கான வரிவிலக்கைத் தொடாதவர்கள், அந்த வரியையும் பிரிட்டன் வரித் துறையான எச்எம்ஆர்சியிடம் திரும்பக் கேட்கலாம். ஆர்40 என்ற படிவம். வரி ஆண்டு முடிந்து நான்கு வருடத்துக்குள் போட வேண்டும். வரி பிடித்ததற்கான சான்றை வங்கியிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.